நடுவானில் எஞ்சின் நின்றால்



சாலையில் போகும் மோட்டார் வண்டி நின்றுவிட்டால் அதை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை அழைத்துவர ஆள் அனுப்பலாம். ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தில் இந்த வசதி இல்லை. ஆயினும், எஞ்சின் நின்ற மறுகணமே விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. இறக்கைகளின்மேல் காற்று போதிய வேகத்துடன் ஓடும்வரை விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும். உயரத்தைச் செலவிட்டுத் தூரத்தை வாங்கிக்கொள்ளும். நால்வர் அமரும் செஸ்னா 172 என்னும் விமானம், எதிர்க்காற்று இல்லாத நாளில், 1,000 அடி உயரத்தை இழப்பதற்குள் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் முன்னே சென்றுவிடும். 3,000 அடி உயரத்தில் எஞ்சினை இழந்தவருக்கு ஏறத்தாழ நான்கு நிமிஷ அவகாசம் உண்டு. அந்த நான்கு நிமிஷங்களில் அவர் என்ன செய்கிறார், அதற்குமுன் தரையில் என்ன செய்துவிட்டு ஏறினார் என்பவையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. எஞ்சினின் இரும்பு முறிந்து, எவராலும் தடுக்க முடியாமல் நேர்ந்த விபத்துகள் அவற்றில் உண்டு. ஆனால் மனத்தை அதிகம் வருத்துபவை மற்றவை. நாற்பது ஐம்பது பக்கம் பொறுமையாகப் புரட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் தரையில் இரண்டு நிமிஷத்தில் கண்டிருக்கக்கூடிய ஒரு சிறு காரணத்தில் வந்து நிற்கின்றன.

பெரிய விமானக் கம்பெனியில் ஓட்டுகிறவர் ஒருவர், பழுது பார்க்கிறவர் வேறொருவர். சொந்த விமானம் வைத்திருப்பவர் நிலை அவ்வாறன்று. உரிமம் பெற்ற எஞ்சினீயர் குறித்த காலங்களில் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு கையெழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெட்ரோல் போடுகிறவரும், எண்ணெய் பார்க்கிறவரும், ‘இன்று போகலாமா, வேண்டாமா’ என்று தீர்ப்புச் சொல்கிறவரும் பெரும்பாலும் அந்த ஒரே மனிதர்தாம். அவசரப்படுகிறவரும் அவரே.

1930-ஆம் ஆண்டில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தன்னந்தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினீயர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்து வந்தார். எகிப்திலுள்ள அபூக்கிர் விமானத்தளத்தில் டாடா இறங்கியபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் அங்கேயே தவித்துக்கொண்டிருந்தார். டாடா தம்மிடம் உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி முன்னதாகப் போய்ச் சேர்ந்து பரிசையும் வென்றார். 1960-இல் நம் விமானப்படைத் தலைவராகவும் ஆனார். டாடாவின் பெருந்தன்மைக்காக இக்கதையை எல்லாரும் சொல்வதுண்டு. நாம் கவனிப்பது வேறொன்று: கொடுப்பதற்கு அவரிடம் உபரிப் பிளக் இருந்தது.

சிறு விமான எஞ்சினில் ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்குத் தீப்பொறி தருவதற்கு இரண்டு மாக்னெட்டோக்கள். ஒன்று பழுதானாலும் மற்றது எஞ்சினை ஓட்டும். ஏறுமுன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது முறை. செஸ்னா 172-இன் கையேடு, எஞ்சினை நிமிஷத்துக்கு 1,700 சுற்று ஓடவிட்டு, ஒரு மாக்னெட்டோவில் மட்டும் ஓடும்போது 125 சுற்றுக்கு மேல் குறையக்கூடாது என்கிறது. சுற்று சற்றும் குறையாவிட்டால் மகிழ்ச்சியடையலாமோ? கூடாது. நிறுத்திவிட்டதாக நாம் நினைக்கும் மாக்னெட்டோ உண்மையில் நிற்கவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். அத்தகைய விமானத்தின் புரொப்பெல்லரைத் தரையில் யாரேனும் கையால் அசைத்தால், சாவி மூடிய நிலையில் இருந்தாலும் எஞ்சின் உயிர்பெற்று ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் எளியது; ஆகவே இன்னும் அலட்சியப்படுத்தப்படுவது. பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து நீராகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். காலையில் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு சூட்சுமம் உண்டு. குவளை முழுவதும் நீராகவே இருந்தால் இரண்டுக்கும் இடையே கோடு தெரியாது. ‘சுத்தமாக இருக்கிறதே’ என்று ஏமாந்துபோகலாம். விமானப் பெட்ரோலுக்குச் சாயம் ஏற்றியிருப்பது இங்கே கைகொடுக்கிறது. நிறத்தையும் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தாம் புதிதாக வாங்கிய லாங்-ஈஸீ என்ற சிறு விமானத்தில் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவில் பறந்தார். ஒரு டாங்கியிலிருந்து மற்றொரு டாங்கிக்கு மாற்றும் திருகு, விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கட்டியவர் அப்படி அமைத்திருந்தார். திருகு கைக்கு எட்டவில்லை, திருப்பக் கடினமாகவும் இருக்கிறது என்பது புறப்படுமுன்பே தெரிந்திருந்தது. ஒரு குறடைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள்; பயன்படவில்லை. சுமார் ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகச் சொல்லிப் பெட்ரோலும் நிரப்பிக்கொள்ளவில்லை. மாண்டரே விரிகுடாவின் மேல் அவர் திரும்பித் திருகைப் பிடிக்க முயன்றபோது, கால் தன்னையறியாமல் வலது மிதியை அழுத்த, விமானம் நிலைதவறிக் கடலில் விழுந்தது என்று விசாரணைக் குழு முடிவுசெய்தது. அவருக்கு வயது 53; பறப்பதில் நீண்டகால அனுபவம் உள்ளவர். வேலைப்பாட்டில் ஒரு சங்கடம் இருப்பது தெரிந்தும், ‘இன்று ஒரு நாள்தானே’ என்று ஏறுகிறோமே, அது விமானமோட்டிகளுக்கு மட்டும் உரிய குணமா என்ன?

இனிக் கார்புரேட்டர். இச்சொல்லுக்கு நல்ல தமிழ் தேட நாம் முயன்றதுண்டு. எந்தத் தமிழ் மெக்கானிக்கும் கார்புரேட்டர் என்றே சொல்வதால் அப்படியே விட்டுவிடுகிறோம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பு இது. வெயில் காலத்தில் இதனுள் பனிக்கட்டி கட்டும் என்றால் நம்புவது கடினம். ஊரில் மண்பானையிலும், தில்லியில் குடியேறியபின் சுராஹியிலும் நீரைக் குளிரவைத்துக் குடித்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. அவ்வாறே பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் குறுகிய தொண்டை குளிர்கிறது. அந்த வீழ்ச்சி 20 டிகிரி செல்ஷியஸுக்கு மேலும் போகலாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் தொண்டையில் உறைந்து வழியை அடைக்கிறது. வெளியே 30 டிகிரி இருக்கும் நாளிலும் இது நேரக்கூடும். மழைக்காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நம்மை வாட்டும் புழுக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் அறிகுறி ஆரவாரமற்றது. சுற்று மெல்லக் குறையும். விமானி தன்னிச்சையாக விசையைச் சற்றுக் கூட்டிக்கொள்வார். மறுபடி குறையும். பிறகு எஞ்சின் இருமத் தொடங்கும். இதற்கு மருந்து எஞ்சினிலேயே இருக்கிறது. ஒரு பிடியை இழுத்தால், புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வந்த சூடான காற்று கார்புரேட்டருக்குள் பாயும். ஆனால் இந்த மருந்து முதலில் நோயை அதிகப்படுத்திக் காட்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததாகையால் சுற்று மேலும் இறங்கும். உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் உதறும். புதியவர் பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். அதைச் செய்யாமல் பொறுத்திருப்பவருக்கு எஞ்சின் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். 1958-இல் பெங்களூரில் முதன்முதல் பறந்த நம் நாட்டுப் புஷ்பக் விமானத்தின் 90 குதிரைசக்தி எஞ்சினும் கார்புரேட்டர் வகையே. தில்லி ஸப்தர்ஜங் மைதானத்தில் அந்நாளில் புஷ்பக்கில் கற்றவர்களுக்கு, இறங்குவதற்காக விசையைக் குறைக்குமுன் அந்தப் பிடியை இழுப்பது முதற்பாடங்களில் ஒன்று. விசை குறைந்த எஞ்சினில் பனி எளிதாகக் கட்டும். கட்டியது தெரியவும் தெரியாது. தரைக்கு அருகில் விசை வேண்டும்போதுதான் தெரியும். இன்னொன்று: கார்புரேட்டரில் கட்டிய பனி, இறங்கிய சிறிது நேரத்தில் உருகிவிடும். சோதிக்க வருபவர் எஞ்சினில் ஒரு குறையும் காணமாட்டார்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் நின்றேவிட்டால்? எழும்பிச் சில நூறு அடியே ஏறியிருக்கையில் நின்றால், புறப்பட்ட ஓடுபாதை பின்னாலேயே இருக்கிறது. அங்கே திரும்பிவிடலாம் என்று மனம் இழுக்கும். திரும்பும்போது விமானம் அதிக உயரத்தை இழக்கும். மூக்கைத் தூக்கி உயரத்தைக் காக்க முயன்றால் வேகம் போய்ச் சுழன்று விழும். ஆகையால் மூக்கை உடனே தாழ்த்தி, எதிரே உள்ள இடத்தில், சற்றே இடமோ வலமோ ஒதுங்கி இறங்குக என்றே கற்பிக்கிறார்கள். விமானம் சிதையலாம், உள்ளிருப்பவர் பிழைக்க வழியுண்டு. சொந்த விமானத்தைச் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவருக்கு இது எளிதன்று.

உயரத்தில் நின்றால், முதலில் மிதக்கும் வேகத்தைப் பிடிக்க வேண்டும். செஸ்னாவில் அது சுமார் 65 நாட். பிறகு வயலைத் தேர்ந்துகொண்டு, அதன்பின் மற்ற டாங்கி, சூட்டுப் பிடி, மாக்னெட்டோ என்று கை போகலாம். பஞ்சாபில் கோதுமை அறுத்த தாள் நிலம் நல்லது; நீர் நிற்கும் நெல்வயல் சக்கரத்தைப் பிடித்துக் கவிழ்க்கும். மேலிருந்து மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களே தெரியும். கம்ப வரிசை குறுக்கிடாத வயலாகப் பார்க்க வேண்டும். தரை நெருங்கியதும் பெட்ரோலையும் தீப்பொறியையும் அடைத்து, சட்டம் வளைந்து கதவு சிக்கிக்கொள்ளாதபடி அதன் தாழை முன்னதாகவே நீக்கி வைக்கிறார்கள்.