400 ஆண்டுக்கு ஒரு நூலகம்



நம் சங்கக் கூடத்தை ஒட்டி ஒரு நூலகம் எழுப்பச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். கூரையில் எத்தனை சூரியத் தகடு வைக்கலாம் என்ற கணக்கைப் பிறகு பார்க்கலாம். இப்போது கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

மாட்லின் கல்லூரி, 1428-இல் துறவிகளின் விடுதியாகத் தொடங்கி 1542-இல் மறுபடி நிறுவப்பட்டது. நாட்குறிப்பால் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் தம்முடைய 3,000 நூல்களை அதற்கு எழுதிவைத்தார். நிபந்தனை கடுமையானது. ஒரு நூல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மீறினால் அத்தனையும் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்விடும். நூல்கள் உயரவாரியாக நிற்கின்றன. குள்ளமான புத்தகங்களுக்கு அடியில் சிறு மரக்கட்டை வைத்து மட்டம் பார்த்த மனிதர் அவர்!

அந்த நூல்கள் இருக்கும், அவர் பெயரைத் தாங்கிய 17ஆம் நூற்றாண்டுக் கட்டடத்திலேயே மாணவர் நூலகமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது, வெளிச்சமும் போதாது. மாறவே கூடாத நூலகமும் வளர்ந்தே தீரவேண்டிய நூலகமும் எத்தனை காலம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்? பழைய கட்டடத்தைக் குடையாமல் அருகிலேயே தோட்டத்தில் புது நூலகம் கட்டினார்கள். வடிவமைத்தவர் நீயல் மக்லாக்லின். 2022-இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் விருது கிடைத்தது.

கல்லூரி அவரிடம் கேட்டது, 400 ஆண்டு நிற்கும் கட்டடம். எனக்கு எல்லாவற்றையும் விட இந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது. அந்த நூலகத்தைச் செங்கல்லால் கட்டினார்கள். செங்கல் சூளையில் எரிபொருளைத் தின்று வருவது. முப்பது ஆண்டில் இடித்துவிடப்போகிற கட்டடத்துக்கு அது வீண் செலவு. பதினைந்து தலைமுறைக்கு என்றால் கணக்கே வேறு.

அந்தச் செங்கல் அங்கே சும்மா நிற்கவில்லை. வரிசை வரிசையாகச் செங்கல் புகைபோக்கிகள். தளங்களைத் தாங்குபவையும் அவையே, காற்றை இழுப்பவையும் அவையே. படிப்பவர்களின் உடல்சூட்டில் வெதுவெதுப்பான காற்று மேலெழுந்து அவற்றின் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பச் சன்னல் வழியே புதுக்காற்று வரும். நம் ஊர் முற்றத்து வீட்டில் பாட்டி அனுபவித்த அதே இயற்பியல்தான். இடையிடையே கூரையில் பெரிய ஒளிக்கூண்டுகள் இருப்பதால் பகலில் விளக்குத் தேவை குறைகிறது. தளங்களுக்குக் கான்கிரீட்டைத் தவிர்த்து, ஒட்டிச் செய்த மரப்பலகைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூரான முகப்புகள், பழைய கட்டடங்களின் செங்கல் சாயல். நகல் என்று சொல்ல முடியாது. அண்டை வீட்டு மரியாதை என்று சொல்லலாம்.

அது வசதி படைத்த கல்லூரி. நம் உண்டியலின் கனம் பொருளாளருக்குத் தெரியும். (அவர் தலையாட்டுகிறார்.) புகைபோக்கியும் மரத் தளமும் நமக்கு எட்டாது. ஆனால் அவர்கள் முதலில் தீர்த்துக்கொண்ட கேள்விக்குக் காசு வேண்டாம்: எது மாறக்கூடாது, எது வளரவேண்டும்?

நம்மிடமும் இரண்டு வகையும் உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் வந்த பழைய பதிப்புகளுக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. ஈரப்பதம் ஏறி இறங்காத சிறிய அறை போதும். அந்த ஓர் அறைக்கு மட்டும் இயந்திரம் ஓடட்டும். சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு வெளிச்சமும் திறக்கிற சன்னலும் வேண்டும். இரண்டையும் ஒரே கூடத்தில் போட்டால் மின்கட்டணம் கட்டியே மாளாது, புத்தகமும் தங்காது.

ஆகவே வரைபடம் பிறகு வரட்டும். நம் அலமாரிகளில் எந்தப் புத்தகம் எந்த வகை என்று முதலில் பிரித்தாக வேண்டும். வருகிற ஞாயிறு காலை அதற்கு வரக்கூடியவர்கள் கை தூக்குங்கள். செயலாளர் பெயர் எழுதிக்கொள்வார்.