மலை காணாமல் எழுதியவர்



1976 ஜனவரியில் இத்தாலியின் ராய் தொலைக்காட்சி 'சந்தோகான்' என்னும் ஆறு பகுதித் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. எமிலியோ சல்காரியின் சாகச நாவல்களைத் தழுவி செர்ஜியோ சோலிமா இயக்கியது அது. சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கை எதிர்த்துப் போரிடும் போர்னியோ இளவரசனாக இந்திய நடிகர் கபீர் பேடி தோன்றினார். ஆசியக் கதைமாந்தராக வெள்ளையரே சாயம் பூசி நடித்துவந்த காலத்தில், ஆசியர் ஒருவரை ஐரோப்பிய இல்லங்கள் நாயகனாகக் கொண்டாடியது சிறிய செய்தியன்று.

ஆயினும், அந்நாயகனைப் படைத்த சல்காரி ஆசியாவைக் கண்டவரல்லர். தம்மைக் கப்பல் தலைவர் என்று சொல்லிக்கொண்டாரேயன்றி, அவர் சென்ற கடல் ஏட்ரியாட்டிக் மட்டுமே. காடும் புலியும் நூல்களிலிருந்து வந்தவை. 1911இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம் உழைப்பால் பதிப்பாளர்கள் செழித்ததையும் தம் குடும்பம் வறுமையில் உழன்றதையும் இறுதிக் கடிதத்தில் எழுதிவைத்தார். எழுதுவோர் நிலை எந்நாட்டிலும் இதுதான் போலும்!

கள்ளக்குறிச்சிக் கவிஞர்க்கோ மலை கண்ணெதிரே நிற்கிறது. அத்தொடர் வெளிவந்த அதே 1976இல்தான் கல்வராயன் மலையின் மூன்று ஜாகீர்களும் அரசின் கைக்கு வந்தன. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் வரை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகீர்களின்கீழ் இருந்த மலைக்குடியினரின் வாழ்வில், சந்தோகான் கதைக்குக் குறையாத பொருள் உண்டு. அடிவாரத்திலிருந்து எழுதப்பெறும் மலைப் பாடல்களில் அருவியும் தேனும் மிகுதி. ஜாகீரும் குடியும் அரிது. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியரே தம் முன்னோர் என்பது அம்மலைமக்களின் தொல்கதை. அதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்க, வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினால் போதும்.