கென்யாத் தேயிலை மலையில் நாங்கள் கண்டவை
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து, "சிங்கம் பார்த்தீங்களா ஐயா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். சிங்கம் பார்க்கவில்லை. நாங்கள் போனது கெரிச்சோ என்ற ஊர்ப் பக்கம். அது நுவரெலியாவைவிட உயரமான இடம். பின்னேரமானால் மழை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. முதுகில் கூடையோடு பெண்கள் மலை ஏறுவதைப் பார்த்தபோது, நம்ம ஊருக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்றிருந்தது.

நம் நாட்டில் 1867இல் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். கென்யாவில் 1903இல்தான் முதல் தேயிலைச் செடி நட்டார்கள். பிந்தி வந்தவர்கள் இன்று ஏற்றுமதியில் நம்மோடு போட்டி போடுகிறார்கள்.

அங்கே சாப்பாடு உகாலி. வெள்ளைச் சோள மாவில் கிண்டுகிற களிதான், நம்ம குரக்கன் களி மாதிரி கையால் உருட்டிச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள ஒரு கீரை. அதற்குப் பேர் சுகுமா விகி. 'கிழமையைத் தள்ளு' என்று அர்த்தமாம்! கையில் காசு குறைந்த வீட்டில் கிழமைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போக உதவுகிற கீரை. இதை நம்ம தாய்மாருக்கு விளக்கத் தேவையில்லை. சப்பாத்தியும் உண்டு. இங்கிலீஷ்காரன் ரயில் பாதை போட 1896 முதல் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனான், அந்தத் தொடர்பில் பரவிய பண்டம் அது. தேத்தண்ணிக்கு அங்கேயும் 'சாய்' என்றுதான் பேர். பாலும் சீனியும் போட்டு ஒன்றாகக் கொதிக்க வைக்கிறார்கள். நம்ம வெறும் சாயத்தைச் சொன்னபோது, "பால் இல்லாமலா?" என்று பரிதாபப்பட்டார்கள்.

யாராவது பாரம் தூக்கிப் போனால், கால் இடறினால், 'போலே' என்கிறார்கள். 'ஐயோ, உனக்குக் கஷ்டமாச்சே' என்ற மாதிரி. முன்பின் தெரியாதவரும் சொல்லுவார். அந்தச் சொல் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

தோட்டத்துக்காரர் நிலைமை இரண்டு விதம். பெரிய கம்பெனித் தோட்டங்களில் நம்மைப் போலக் குடியிருந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கொழுந்து வெட்ட மெஷின் வந்து ஆட்கள் குறைந்தது. 2023 மே மாதம் கெரிச்சோவில் சனங்கள் கோபப்பட்டுச் சில மெஷின்களை எரித்துவிட்டார்கள். எரித்தது சரியென்று சொல்ல மாட்டோம். ஆனால் அடுப்பு எரியாத வீட்டுக் கோபம் எப்படியென்று நமக்குத் தெரியும்.

மற்றவர்கள் சிறு தோட்டக்காரர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர், அரை ஏக்கர் சொந்தத் தேயிலை. கொழுந்தை மடுவத்தில் நிறுத்து, எத்தனை கிலோ என்று துண்டு வாங்கிக்கொள்கிறார்கள். மாதம் ஒரு காசு, வருஷத்தில் ஒரு தரம் போனஸ். போனஸ் குறைந்தால் அங்கேயும் சண்டைதான்.

இனி முக்கியமான விஷயம். அங்கே பெண்கள் 'சாமா' என்று ஒன்று நடத்துகிறார்கள். நம்ம சீட்டேதான். அதைப் பார்க்கச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் பின்னேரம் மூன்று மணிக்குப் போய் நின்றோம். ஒரே சிரிப்பு! அந்த ஊரில் சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுவார்களாம். அவர்களுடைய மூன்று நம்முடைய காலை ஒன்பது. பாவம், காலையில் நமக்காகக் காத்திருந்து, கூட்டத்தை முடித்து, எங்களுக்காக மறுபடி கூடினார்கள். பிந்தி வந்ததற்கு எங்களிடமும் தண்டம் வாங்கினார்கள், 50 ஷில்லிங்!

ஒருவர் கொப்பியைப் பிரித்து, யார் எவ்வளவு கட்டினார், யார் பாக்கி என்று பேர் சொல்லி சத்தமாக வாசித்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுத் தலையாட்டினார். அன்றைக்குக் காசு எடுக்க வேண்டிய அம்மா, "என் முறையை அவளுக்குக் கொடுங்க, அவள் மகனுக்குப் பள்ளிக்கூடக் காசு கட்டணும்" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். யாரும் மறுத்துப் பேசவில்லை. கொப்பியில் மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

முடிந்ததும் அந்தப் பாட்டி எங்களைக் கேட்டார், "உங்க ஊர்ல ஆளுக்கு எத்தனை தேயிலைச் செடி சொந்தம்?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு தலைமுறையாகப் பறிக்கிறோம், செடி ஒன்றும் சொந்தமில்லை என்றோம். பாட்டி சொன்னார், "போலே."

நம்ம தோட்டத்துச் சீட்டில் போன வருஷம் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தது. வருகிற மாதக் கூட்டத்துக்கு ஒரு கொப்பி கொண்டு வருகிறோம். லயத்துக்கு ஒரு அம்மா வாங்க, சத்தமாக வாசிப்போம். ஒன்பது மணிக்கு. நம்ம ஒன்பது மணி.