மூன்று நாள் அகழாய்வு

மண்ணை அகழ்ந்து பழமையைக் காண்பது பொறுமை மிக வேண்டும் தொழில். ஒரு மேட்டை முறையாகத் தோண்டி, கிடைத்தவற்றைக் கழுவி, எண்ணிட்டு, வரைந்து, அறிக்கையாக எழுதி முடிப்பதற்குள் பல ஆண்டுகள் உருண்டோடிவிடும். தொலைக்காட்சியோ ஒரு மணி நேரத்திற்குள் கதையைத் தொடங்கி முடித்துவிட விரும்பும் சாதனம். ஒத்துவராத இவ்விரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டிப் பார்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். அம்முயற்சியைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் சில்பரி என்றொரு குன்று உண்டு. அது இயற்கைக் குன்றன்று. ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் மனிதர் கையால் குவித்த மேடு. அதன் உயரம் சுமார் 40 மீட்டர். 1968 முதல் 1970 வரை பி.பி.சி. நிறுவனத்தின் ஆதரவில் பேராசிரியர் ரிச்சர்டு அட்கின்சன் அதனுள் சுரங்கம் குடைந்தார். வேலை நடக்கும்போதே அதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உள்ளே மன்னன் கல்லறை இருக்கும், பொன் இருக்கும் என்று மக்கள் காத்திருந்தனர். கல்லறையும் இல்லை, பொன்னும் இல்லை. கிடைத்தவை பழைய புற்கரணையும் பாசியும் பூச்சிகளுமே. ஏமாற்றம் என்றுதான் பலர் கருதினர். ஆயினும் அப்பூச்சிகளிடையே இறகு முளைத்த எறும்புகள் இருந்தன. நம் நாட்டில் மழை விட்டபின் ஈசல் புறப்படுவது போல, அவ்வெறும்புகள் அங்கே கோடையின் பிற்பகுதியில் பறப்பவை. ஆகவே, அந்த மேட்டுக்கு மண் கொட்டத் தொடங்கிய பருவம் கோடையின் கடைசி என்று ஆராய்ச்சியாளர் கருதினர். ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல இயலாத ஒரு செயலுக்குப் பருவத்தைச் சொல்ல முடிகிறது! பொன் கிடைத்திருந்தால் இந்த எறும்பை யார் கவனித்திருப்பார்?

இந்தப் பாடத்தை நன்கு கற்று வந்தது, 1994 ஜனவரியில் அந்நாட்டின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டைம் டீம்’ என்னும் தொடர். நடிகர் டோனி ராபின்சன் அதை நடத்திச் சென்றார். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக் ஆஸ்டன். ஓரிடத்திற்குச் செல்வார்கள், மூன்றே நாள் கெடு. முதலில் மின்னோட்டத்தைக் கொண்டு நிலத்தைச் சோதிப்பார்கள். புதைந்த கற்சுவர் இருக்குமிடத்தில் மின்சாரம் எளிதில் பாயாது. தூர்ந்துபோன அகழியில் ஈரம் தங்குவதால் எளிதில் பாயும். நெருப்பெரிந்த அடுப்பையும் சூளையையும் காந்தப் புலத்தை அளக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். பிறகு இயந்திரத்தால் மேல்மண்ணை வழித்துவிட்டு, கொத்தனார் கரண்டி போன்ற சிறு கரண்டியுடன் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஓவியர் விக்டர் ஆம்பிரஸ் அருகே அமர்ந்து, அந்த இடம் அக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டுவார். ஒன்றும் அகப்படாத குழியையும் அவர்கள் மறைக்கவில்லை. இங்கே கட்டடம் இல்லை என்பதும் ஒரு விடைதானே.

2001இல் ஒளிபரப்பான ஒரு பகுதி நம் நினைவை விட்டு நீங்காதது. வேல்ஸ் நாட்டில் லிகாட்வி என்னும் இடத்தில் பழங்கால இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. வாள் உண்மையிலேயே பழமையானது. ஆனால் அதன் அடியில் கிடந்தது முள்கம்பி! முள்கம்பி தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கீழே கிடப்பது முன்னது, மேலே கிடப்பது அதன்பின் வந்து சேர்ந்தது என்பது அகழாய்வின் முதல் விதி. ஆகவே அந்த வாளை யாரோ அண்மைக் காலத்தில் அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது வெளிப்பட்டது. பொருளைவிடப் பொருள் கிடந்த இடமே பேசும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்விதியை நம் நாட்டில் வலியுறுத்தியவர் மார்ட்டிமர் வீலர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அவர் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டுச் செம்மண் கலங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே தெரிந்தது. ஒரே அடுக்கில் அவற்றோடு கலந்து கிடந்த உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு அது பெரும் பிடிமானம். அதே வீலர்தான் தாயகம் திரும்பியபின், அருங்காட்சியகப் பொருளைக் கையிலெடுத்து இன்னதென்று கண்டுபிடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றிப் புகழ்பெற்று, 1954இல் பிரிட்டனின் சிறந்த தொலைக்காட்சிப் பிரமுகராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்!

தில்லியில் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் புராணா கிலாவுக்குச் செல்வதுண்டு. அங்கே நடந்த அகழாய்வுகளில் மௌரியர் காலம் தொட்டு முகலாயர் காலம் வரை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் காணப்பட்டன. அகமதாபாத்தில் வாழ்வோருக்கு லோத்தல் ஒருநாள் பயணம். இத்தகைய இடங்களில் காலில் இடறும் ஓட்டுத் துண்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ளும் நண்பர்களை நாம் அறிவோம். வீட்டு அலமாரிக்கு வந்தபின் அது வெறும் ஓடு. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை அதனிடமிருந்து இனி யாராலும் கேட்டறிய முடியாது.

மூன்று நாள் கெடுவைக் குறை கூறியோரும் உண்டு. அவசரம் ஆராய்ச்சிக்குப் பகை என்றனர். அதில் நியாயம் உண்டு. எனினும் படப்பிடிப்போடு வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிடைத்தவை ஆராயப்பட்டன, வெசெக்ஸ் தொல்லியல் நிறுவனம் பல இடங்களுக்கு முறையான அறிக்கை எழுதியது. நம் கருத்தில், தொடரைத் தளரச் செய்தது கெடு அன்று. பிற்காலத்தில் ஆராய்ச்சிச் செய்தியைக் குறைத்துப் பொழுதுபோக்கைக் கூட்ட முற்பட்டார்கள். மனம் கசந்த ஆஸ்டன் 2012இல் விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டே காலமானார். 2014இல் தொடரும் நின்றது. எட்டாண்டுகள் கழித்து, 2022இல், ரசிகர்கள் தாமே செலுத்திய பணத்தைக் கொண்டு இணையத்தில் அதை மீண்டும் தொடங்கினார்கள். அப்போதும் கெடு மூன்று நாள்தான்.