கைபேசிக்குள் ஒரு தாக்கோல்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லாக்கர் அறைச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி எல்லாம் கைமாறிக் கைமாறிப் பழகியவன். அதனால்தானோ என்னவோ, "பாஸ்கீ, கிரிப்டோ வாலட் என்று பசங்கள் பேசிக்கொள்கிறார்கள், எங்களுக்குப் புரிகிறாற்போல் சொல்லுங்கோ" என்று செயலாளர் என்னைப் பிடித்துவிட்டார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. கல்பாத்தியிலும் நூரணியிலும், மூணாறு, குமுளி பக்கத்திலும் உள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. இருப்பதை எப்படிக் காப்பது, நாளைக்கு அது யார் கைக்குப் போகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் நாட்டில் இதன் நிலை என்ன? கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் உதவக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட உத்தரவை, 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. அந்த ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சட்டப்படி ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். சொத்து என்றால் வாரிசு என்ற கேள்வியும் கூடவே வரும்.

இனி பாஸ்கீ. மலையாளத்தில் சாவியைத் தாக்கோல் என்கிறோமே, அதுபோல இது கைபேசிக்குள் இருக்கும் தாக்கோல். பாஸ்வேர்டு என்பது நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் தெரிந்த ஒரு ரகசியச் சொல். நம்மிடமிருந்தும் திருடலாம், கம்பெனியிடமிருந்தும் திருடலாம். பாஸ்கீயில் அப்படி இல்லை. பதிவு செய்யும்போது கைபேசி ஒரு ஜோடியை உண்டாக்குகிறது. ஒன்று ரகசியத் தாக்கோல். அது நம்மிடமே இருக்கும். மற்றது பொதுத் தாக்கோல். அது கம்பெனிக்குப் போகும். பிறகு நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் கம்பெனி ஒரு புதுக் கேள்வியை அனுப்பும். நாம் விரல் வைத்ததும் கைபேசி அந்தக் கேள்வியின்மேல் ரகசியத் தாக்கோலால் கையெழுத்துப் போட்டு அனுப்பும். பொதுத் தாக்கோலை வைத்து அந்தக் கையெழுத்து சரிதானா என்று கம்பெனி பார்த்துக்கொள்ளும். வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு செக்கை ஒத்துப் பார்ப்போமே, அதுபோலத்தான். நம் விரல்ரேகை கைபேசியை விட்டு எங்கும் போவதில்லை.

இதன் தொழில்நுட்பம் 2019-ல் உலக இணையத் தரமாக ஏற்கப்பட்டது. ஆப்பிள் 2022 செப்டம்பரில் ஐபோனில் கொண்டுவந்தது. கூகிள் 2023 மே மாதம் தன் கணக்குகளுக்குக் கொடுத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாஸ்கீயும் ஒரே ஓர் இணைய முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். ஓர் எழுத்தை மாற்றிப் போலி முகவரி செய்து லிங்க் அனுப்பினால் நம் கண் ஏமாறலாம். கைபேசி ஏமாறாது; அந்த முகவரிக்கு அது தாக்கோலை நீட்டாது. தவிர, இதற்கு எஸ்எம்எஸ் ஓடிபி தேவையில்லை. மலைச்சரிவில் கேரள டவரா தமிழ்நாட்டு டவரா என்று கைபேசி அல்லாடும் இடங்களில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் போதும்.

ஆனால் "பாஸ்கீ போட்டாச்சு, கவலை விட்டது" என்று இருந்துவிடக் கூடாது. அந்தத் தாக்கோல் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று விதம் உண்டு.

முதலாவது, எக்ஸ்சேஞ்ச் கணக்கு. இங்கே நம் பாஸ்கீ நம் கணக்குக்குள் நுழையும் வாசலை மட்டும் காக்கிறது. நாணயத்தின் உண்மையான சாவி கம்பெனியிடம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. நம் ரூபாயில் கிட்டத்தட்ட 2,000 கோடி. அது பல சாவிகள் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டி; கோயில் உண்டியலுக்குப் பலர் கையில் பூட்டுச் சாவி கொடுத்து வைப்பதைப் போல. அப்படியும் போயிற்று. வாடிக்கையாளர் தம் பக்கத்தில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. வியாபாரம் மறுபடி தொடங்க 2025 அக்டோபர் ஆயிற்று. நான் முன்னே சொன்ன சென்னைத் தீர்ப்பு, இதில் மாட்டிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர் போட்ட வழக்கில் வந்ததுதான்.

இரண்டாவது, நாமே வைத்துக்கொள்ளும் வாலட். இதைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் கொடுப்பார்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்த சொற்கள் அவை. 2013-ல் வந்த முறை. அந்தச் சொற்கள்தான் சொத்து. ஆப்பைத் திறக்க விரல் வைக்கிறோம் என்பது வெறும் முன்கதவு. கைபேசி உடைந்தாலும் சொற்கள் இருந்தால் எல்லாம் திரும்ப வரும். சொற்கள் பிறர் கையில் கிடைத்தால் விரலும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். அவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, புதிய வகை. இதில் சொற்களே இல்லை; பாஸ்கீதான் வாலட்டின் சாவி. காயின்பேஸ் கம்பெனி 2024 ஜூனில் இப்படி ஒன்றை வெளியிட்டது. 2025 டிசம்பர் 3 அன்று எதீரியம் செய்துகொண்ட மாற்றத்தில், பாஸ்கீயின் கையெழுத்தை அந்த வலையமைப்பே குறைந்த செலவில் சரிபார்க்க வழி செய்திருக்கிறார்கள். ஆகவே இனி இந்த வகை பெருகும். உபயோகிக்க சுலபம். ஆனால் வேறு சாவி ஏற்பாடு செய்து வைக்காமல் அந்த ஒரு பாஸ்கீ போய்விட்டால், சொத்தும் போயிற்று.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒரே பிள்ளை, வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை, நாற்பத்திரண்டு வயதில் திடீரென்று காலமானான். வங்கிப் பணத்துக்கு நாமினி இருந்தது, வந்தது. ஒரு எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் இருந்தது. மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து அலைந்து, பல மாதம் கழித்து அதுவும் வந்தது. மூன்றாவதாக, அவன் தானே வைத்திருந்த வாலட். கைபேசியின் பின் நம்பர் யாருக்கும் தெரியாது. பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று போட்டுப் பார்த்ததில் அது பூட்டிக்கொண்டது. சொற்கள் எழுதிய காகிதம் எங்கும் அகப்படவில்லை. பிளாக்செயின் கணக்கு எவரும் பார்க்கக்கூடியது அல்லவா? அதனால் அந்த வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் இன்றும் திரையில் தெரிகிறது. "கண்ணுக்குத் தெரியறது, கைக்கு வரலையே" என்றாள் மாமி. மனுக் கொடுக்க அங்கே மேனேஜர் இல்லை. நாமினி படிவமும் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம் என்று சட்டமே வந்துவிட்டது. தனி வாலட்டுக்கு நாம் செய்து வைக்கும் ஏற்பாடுதான் நாமினி.

இப்படி ஒரு விஷயம் நம் நாட்டிலிருந்தே உலகச் செய்தியாகவும் ஆனது. 2018 டிசம்பரில் குவாட்ரிகா என்ற கனடா எக்ஸ்சேஞ்சின் தலைவர் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். சாவிகள் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தன என்று கம்பெனி கையை விரித்தது. 76,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அவர் நடத்தியதே மோசடிதான் என்று 2020-ல் ஒன்டாரியோ மாகாணப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அறிக்கை கொடுத்தது. எல்லாச் சாவியும் ஒரே ஆளிடம் என்ற ஏற்பாடுதான் அத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தது.

ஆகவே, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. பாஸ்கீயை ஒரு கைபேசியோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது கைபேசியிலோ, யூஎஸ்பி போல இருக்கும் செக்யூரிட்டி கீயிலோ இன்னொன்று பதிவு செய்யுங்கள். அதை வேறு இடத்தில் வையுங்கள்.

இரண்டு. ஐகிளவுடிலோ கூகிளிலோ பாஸ்கீ சேமிப்பாகிறது என்றால், அந்தக் கணக்குதான் உங்கள் இரும்புப் பெட்டி. அதன் மீட்பு நம்பர், மீட்பு ஈமெயில் இப்போது சரியானதுதானா என்று இன்றே பாருங்கள்.

மூன்று. பெரும்பாலான கைபேசிகளில் விரலுக்குப் பதில் பின் நம்பர் போட்டாலும் பாஸ்கீ வேலை செய்யும். ஆகவே 1234, பிறந்த வருஷம் எல்லாம் வேண்டாம். காபிக் கடையில் நாலு பேர் பார்க்கப் போடவும் வேண்டாம்.

நான்கு. பாஸ்கீ போட்ட பிறகும் "எஸ்எம்எஸ் மூலம் நுழைக" என்ற வழி திறந்திருந்தால், முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். சிம் கார்டை மோசடியாக மாற்றி ஓடிபியை வாங்கிவிடுவார்கள். முடிந்தால் அந்த வழியை மூடிவிடுங்கள்.

ஐந்து. பழைய கைபேசியை விற்குமுன், அதில் மட்டும் இருக்கும் பாஸ்கீயைக் கணக்கின் செட்டிங்கில் உள்ள பாஸ்கீ பட்டியலிலிருந்து நீக்குங்கள். கைபேசியில் அழித்தால் மட்டும் கம்பெனிப் பட்டியலிலிருந்து போய்விடாது. புதுக் கைபேசியில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

ஆறு. 12 சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 26 வருஷத்துக்குப் பிறகு செறுதோணி அணையைத் திறந்தார்கள். பாலக்காட்டிலும் தாழ்வான இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. காகிதம் தண்ணீர் தாங்காது. உலோகத் தகட்டில் பொறித்து இரண்டு பிரதி, இரண்டு ஊரில் வையுங்கள். ஆறு இங்கே, ஆறு அங்கே என்று பிரித்து வைக்காதீர்கள். ஒன்று தொலைந்தால் இரண்டும் வீண்.

ஏழு. போலீஸ், சிபிஐ, வாலட் கம்பெனி என்று யார் வீடியோவில் வந்து கேட்டாலும் சொற்களைச் சொல்லாதீர்கள். பாஸ்கீ இருந்தும் ஏமாறும் வழிகளில் இது ஒன்று: நம்மையே பயமுறுத்தி, நம் விரலாலேயே பணத்தை அனுப்ப வைப்பது. அப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எட்டாவதுதான் முக்கியம். ஆப்பிளில் லெகஸி கான்டாக்ட் என்று ஒருவரைக் குறிப்பிடலாம். நம் காலத்துக்குப் பிறகு அவருக்குப் படங்கள், கடிதங்கள் எல்லாம் கிடைக்கும். பாஸ்வேர்டும் பாஸ்கீயும் மட்டும் கிடைக்காது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உயிலில் சொற்களை எழுதக் கூடாது. உயிலைப் பலர் படிப்பார்கள். என்னென்ன இருக்கிறது, எந்தக் கம்பெனி, எந்த வாலட், இரண்டாவது தாக்கோல் எங்கே என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, நம்பகமான ஒருவரிடம் அல்லது லாக்கரில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்.

நம் கிராமங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனவர்கள் தாக்கோலை எதிராத்தில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். யாரிடம் இருக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொடுத்து வைத்தவரைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள். அந்த ஒழுங்குதான் இங்கேயும் வேண்டியிருக்கிறது. வெளியூரிலுள்ள பிள்ளைகள் அடுத்த தடவை பேசும்போது, "எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். "இரண்டாவது தாக்கோல் எங்கே இருக்கிறது, யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.