இதில் நான் இல்லையே ஐயா

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுத் திரைப்படப் படிப்பைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு தகுதியும் இல்லை. ஒரு மாணவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினேன், அவ்வளவுதான். அதையும் முதல் முறை தவறாக எழுதினேன்.

எங்கள் பள்ளி தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டி இருக்கிறது. அவன் ஆறாம் வகுப்பிலிருந்து எங்களிடம் படித்தவன். அம்மா உப்பு வாரும் தொழிலாளி. பட்டம் முடித்துவிட்டுத் திருமண வீடியோ எடுக்கும் வேலையில் இருந்தான். விடுமுறை நாள்களில் நம் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உப்பளத்தைப் பற்றி 11 நிமிடப் படம் ஒன்று எடுத்தான். பிறகு ஒருநாள் வந்து, "வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கிறேன், உங்கள் கடிதம் வேண்டும் ஐயா" என்றான்.

பணத்துக்கு எங்கே போவான் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவன் விவரம் சொன்னான். படிப்பின் பெயர் டாக் நோமாட்ஸ். ஆவணப்பட இயக்கத்தில் முதுகலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் வருவது. 2 ஆண்டுகளில் லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என மூன்று நாட்டு நகரங்களில் ஆங்கில வழியில் படிக்க வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கிடைக்கும். எல்லா இடமும் இப்படி அல்ல. பிராகாவில் 1946இல் தொடங்கிய ஃபாமு திரைப்படப் பள்ளியில் செக் மொழியில் படித்தால் கட்டணம் இல்லை, ஆங்கிலத்தில் படித்தால் உண்டு.

மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாதாம். எடுத்த படம், எடுக்க நினைக்கும் படத்தின் திட்டம், ஏன் படிக்க விரும்புகிறோம் என்ற கடிதம், நம்மை அறிந்தவர்களின் பரிந்துரை எல்லாம் கேட்கிறார்கள்.

நான் எழுதினேன்: நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களிடம் மரியாதை மிக்கவர். நாம் நடத்தைச் சான்றில் எழுதுவதுதான். வாசித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இதில் நான் இல்லையே ஐயா."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஐந்து ஆண்டு பார்த்த பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரி இல்லை. விடியும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் 'மழை' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் மழையின் பயன்களை எழுதினார்கள். இவன், மழை வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது, பாத்தியில் உப்பு கரைந்துவிடும், அம்மாவுக்கு வேலை இருக்காது என்று எழுதியிருந்தான். 'பொருளிலிருந்து விலகியுள்ளது' என்று சிவப்பு மையில் குறித்து, பத்துக்கு நான்கு போட்டவன் நான்.

இரண்டாவது கடிதத்தில் இதை அப்படியே எழுதினேன், நான்கு மதிப்பெண் உட்பட. ஆங்கில ஆசிரியை மொழிபெயர்த்துத் தந்தார்.

இடம் கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. பிறகுதான் பாடு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து. கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக. மாற்றுச் சான்றிதழில் அதே பெயர் வேறு ஆங்கில எழுத்துகளில். அது எங்கள் பள்ளியில் நேர்ந்த பிழை. சரிசெய்ய மூன்று வாரம் அலைந்தான். பெயர்ப் பதிவின்போது ஓர் எழுத்துதானே என்று விடாதீர்கள் தோழர்களே. முதல் மாதப் பணம் வருவதற்கு முன்பே விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் கையில் தொகை வேண்டும். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

தமிழ் வழியில் படித்தவன், மொழிதான் தடையாகும் என்று பயந்தேன். லிஸ்பனில் போய்ப் பார்த்தால் வகுப்பில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஊர்க்காரர்கள் பேசும் போர்ச்சுகீசியம் இவனுக்குத் தெரியாது. அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில், ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் ஒரு பாட்டியை நான்கு நாள் வெறுமனே பார்த்திருக்கிறான். ஐந்தாம் நாள் அவரே உள்ளே அழைத்தாராம். புடாபெஸ்ட்டில் வெந்நீர்க் குளத்தில் மார்பளவு நீரில் நின்று சதுரங்கம் ஆடும் பெரியவர்களை எடுத்தான். பேச்சு வராத இடத்தில் கண் கூர்மையாகிறது என்கிறான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'மீரா' போன்ற படங்களை இயக்கினார். கலிபோர்னியாவில் அவரோடு படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்துத்தான் 1935இல் இங்கே வந்தார். அந்த டாண்டன், அந்தக் காலத்தில் இங்கிருந்து போன திரைப்பட மாணவர்.

இப்போது நம்மவன் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறான். போன வாரம் பேசினான். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறானாம், கேமராவோடு. "மழைக்காலமாச்சே, உப்பளத்தில் ஒரு வேலையும் நடக்காதே" என்றேன்.

"அதைத்தான் எடுக்கணும் ஐயா" என்றான்.