பிள்ளைகள் வளர்ந்த பிறகு சட்டம் படிக்கலாமா?

(ஆண்டுவிழா மகளிர் கூடுகையில் ஆற்றிய உரை)



தாதி ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் இரத்த அழுத்தம், சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அதை அடுத்த வருடம் பார்ப்போம். இன்று சட்டப் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் நம் சபையில் உள்ள ஒரு அக்கா. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். வயது 46. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் யாருக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டுமென்றாலும், வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறோம். எத்தனை தரம் எங்களுக்காக அவ்வொகாத்தோவின் மேசைக்கு முன்னால் இருந்து மொழிபெயர்த்திருப்பார்! "அந்த மேசைக்கு மற்றப் பக்கம் நான் இருக்கேலாதா?" என்று ஒரு ஞாயிறு தேநீர் குடிக்கும்போது கேட்டார். சிலர் சிரித்தார்கள். வயது போன பிறகு என்ன படிப்பு என்று ஒருவர் சொன்னார். அக்கா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

பிள்ளைகளே, இந்தக் கதையைக் கேளுங்கள். இந்தியாவில் லீலா சேத் என்று ஒரு நீதிபதி இருந்தார். 1930இல் பிறந்தவர். கணவரின் வேலைக்காக லண்டன் போனபோது அவர் ஏற்கெனவே ஒரு தாய். சட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் காரணமில்லை. வகுப்புக்குத் தினமும் போகவேண்டிய கட்டாயம் இல்லாத படிப்பு அது, கைக்குழந்தையோடு படிக்கலாம், அவ்வளவுதான். 1958இல் லண்டன் பாரிஸ்டர் பரீட்சையில் முதலாவதாக வந்தார். ஒரு பத்திரிகை அவரையும் குழந்தையையும் படம் பிடித்து 'மதர்-இன்-லா' என்று தலைப்புப் போட்டது. ஆங்கிலத்தில் அது மாமியாரைக் குறிக்கும் சொல். சட்டத்தில் ஒரு தாய் என்றும் எடுக்கலாம்.

இந்தியா திரும்பிக் கல்கத்தாவில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகக் கேட்டபோது, அவர் போய்க் கல்யாணம் செய் என்றாராம். முடித்துவிட்டேன் என்றார் இவர். பிள்ளை பெறு என்றார். இருக்கிறது என்றார். ஒரு பிள்ளை தனியாக வளரக்கூடாது, இன்னொன்று பெறு என்றார். அதுவும் இருக்கிறது! அதற்குப் பிறகுதான் சேர்த்துக்கொண்டார். 1978இல் லீலா சேத் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். 1991இல் இமாச்சலப் பிரதேசத்தின் தலைமை நீதிபதி. இந்தியாவின் எந்த உயர் நீதிமன்றத்திலும் அதற்கு முன் பெண் ஒருவர் தலைமை நீதிபதியாக இருந்ததில்லை.

பரீட்சை எழுதும்போது அவருக்கு 28 வயதுகூட ஆகவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். சரி, நாம் வாழும் இத்தாலிக்கே வருவோம். லிடியா போயெட் 1855இல் வடக்கே ஒரு வால்தேசிக் குடும்பத்தில் பிறந்தவர். பலர்மோவில் லா நோச்சே நிலையத்தை நடத்துகிறார்களே, அதே புரொட்டஸ்தாந்து சபையார். 1881இல் தூரினில் சட்டப் பட்டம் பெற்றார். 1883இல் வழக்கறிஞர் பட்டியலில் பெயர் பதிந்தார். சில மாதத்திலேயே நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. பெண்களின் உடுப்புக்கு மேல் நீதிமன்ற அங்கி போட்டால் விசித்திரமாக இருக்கும் என்றுகூடத் தீர்ப்பில் எழுதினார்கள். சகோதரனின் அலுவலகத்தில் இருந்து வேலையை விடாமல் செய்தார். பெண்களுக்கு இந்தத் தொழிலைத் திறந்துவிட்ட சட்டம் 1919இல் வந்தது. 1920இல் அவருடைய பெயர் மறுபடி பதியப்பட்டபோது வயது 65. நம் அக்காவைவிட 19 வயது கூட.

வீட்டில் இருந்த வருடங்கள் வீண் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. வருமானம் இல்லாத மனைவி விபத்தில் இறந்தால், கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய வருமானமாக எடுத்து நட்டஈடு கணக்கிடும் முறை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சிறுமியின் வழக்கு வந்தது. தாயின் மரணத்துக்குக் கொடுக்கவேண்டிய தொகையை எதிர்த்துக் காப்புறுதி நிறுவனம் மேன்முறையீடு செய்திருந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டில் தாய் செய்யும் வேலைக்குப் பணமதிப்பு உண்டு என்று விரிவாக எழுதினார். அடுத்த வருடமே இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. வார்டில் நான் தினமும் பார்ப்பதும் இதுதான். பிள்ளை வளர்த்தவளுக்கு, நோயாளி சொல்லாத வலியும் காதில் விழும். குடும்ப வழக்கோடு வருகிறவர்களுக்கும் அப்படி ஒரு காது வேண்டாமா?

இனிக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஆசை மட்டும் போதாது. இத்தாலியில் சட்டப் பட்டம் ஐந்து வருடம். பிறகு 18 மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி. பிறகு அரச பரீட்சை, அது கடினம். 46இல் தொடங்கினால், எல்லாம் ஒழுங்காகப் போனாலும் 53 ஆகும். தொடங்காவிட்டாலும் 53 வரத்தானே போகிறது. குடியுரிமை இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2012ஆம் ஆண்டின் 247ஆம் இலக்கச் சட்டப்படி, இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று அரச பரீட்சையில் தேறிய வெளிநாட்டவரும் வழக்கறிஞராகப் பதியலாம். குடும்பத்தின் ஈசே 22,000 யூரோவுக்குள் இருந்தால் அரச பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் படிப்புக் கட்டணம் இல்லை. பிராந்திய வரியும் முத்திரைச் செலவும் இருக்கும். பிந்திய வருடங்களிலும் அந்தச் சலுகை வேண்டுமென்றால் பரீட்சைகளில் தேறிக்கொண்டு வரவேண்டும். பொது வைத்தியசாலையில் நிரந்தர வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வருடத்துக்கு 150 மணித்தியாலம் வரை சம்பளத்தோடு படிப்பு விடுப்புக் கேட்கலாம். வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கு அது கிடையாது. அவருக்கு நேரத்தைக் கொடுக்க வேண்டியது வீட்டார்தான்.

ஆகவே அண்ணன்மாரே, இரவுச் சோறும் கறியும் வாரத்தில் மூன்று நாள் உங்கள் பொறுப்பு. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் இங்கே பிறந்து இந்த மொழியில் படித்தவர்கள். சட்டப் புத்தகத்து இத்தாலியன் சந்தையில் பேசும் இத்தாலியன் இல்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். உங்களுக்காக அவர் குவெஸ்தூரா வரிசையில் நின்ற விடியற்காலைகளை எண்ணினால் இது பெரிய வேலை இல்லை.

பல்கலைக்கழகத்தில் பதிய முதலில் தேவைப்படுவது நம் நாட்டு ஏ.எல். சான்றிதழ். அது அலுமாரிக்கு அடியில், பழைய சூட்கேசுக்குள் கிடக்கும். அந்த அக்கா மட்டுமில்லை, உங்களில் யாருக்கு ஆசை இருந்தாலும் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மொழிபெயர்ப்புக்கும் அங்கீகாரத்துக்கும் என்னென்ன தாள் வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம். தேநீர் நான் போடுகிறேன்.